ஹென்றி டோல்டனும் ஒரு சாக்கடைக் குழாயும்

போன மாதம் எங்கள் வீட்டுக் கொல்லையில் சாக்கடை அடைத்துக்கொண்டது. கொத்தனார் தோண்டிக்கொண்டே போனார். முழங்கால் ஆழத்தில் பழுப்பு நிறக் குழாய் ஒன்று தட்டுப்பட்டது. "இது அந்தக் காலத்து ஸ்டோன்வேர் பைப்பு சார். இதுல ஒரு குறையும் இல்ல. அப்புறமா பிளாஸ்டிக் பைப்ப இணைச்சிருக்காங்களே, அங்கதான் அடைப்பு" என்றார். ஸ்டோன்வேர் என்றால் கடுஞ்சூட்டில் சுட்டு இறுக்கிய களிமண். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிக் காட்டினார். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடியின் உள்பக்கம் போல வழவழவென்று இருந்தது. வெளிப்பக்கம் ஆரஞ்சுத் தோல் மாதிரி நுண்ணிய புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் எனக்கு ஹென்றி டோல்டன் ஞாபகம் வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் பாண்டத் தொழிற்சாலை நடத்தியவர். அந்தக் கம்பெனிதான் பிற்பாடு ராயல் டோல்டன். ராயல் டோல்டன் என்றால் பலருக்கும் கவுன் போட்ட பீங்கான் பொம்மைகளும் பூப்போட்ட தட்டுகளும்தான் தெரியும். அந்த 'ராயல்' பட்டமே 1901-ல் வந்தது. ஹென்றி இறந்ததோ 1897-ல். என்னைக் கேட்டால், அந்த மனிதர் செய்ததிலேயே பெரிய காரியம் சாக்கடைக் குழாய்தான். அலமாரியில் வைக்கும் பொருளுக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசிகூட மண்ணுக்குள் புதையும் பொருளுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

அவருடைய அப்பா ஜான் டோல்டன் சக்கரத்தில் கை பழகிய குயவர். 1815-ல் தன் சேமிப்பு 100 பவுண்டைப் போட்டு, லண்டன் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், லாம்பெத் பகுதியில் இருந்த ஒரு சின்னப் பாண்டப் பட்டறையில் பங்காளி ஆனார். பீர் ஜாடி, மைப்புட்டி, அமிலம் ஊற்றி வைக்கும் பெரிய ஜாடி, இவைதான் சரக்கு. 1820-ல் பிறந்த ஹென்றி நல்ல புத்தகப் பிரியர். ஆனாலும் 15 வயதில் பள்ளியை விட்டு நேராகக் களிமண்ணுக்கு வந்துவிட்டார். முதலாளி மகன் என்று கணக்குப் புத்தகத்தோடு உட்காராமல் சக்கரத்தில் உட்கார்ந்து தொழில் பழகினார். சக்கரத்தை நீராவியால் சுழற்றலாம் என்று மற்ற பட்டறைகளுக்கு முன்பே யோசித்துச் செய்தும் காட்டினார்.

அப்போதைய லண்டனை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கடியில் மலக்குழி. தெருவுக்கடியில் செங்கல் சாக்கடை; பல இடங்களில் அடிப்பகுதி தட்டை. கழிவு ஓடாமல் அங்கேயே படியும். செங்கல் இடுக்கு வழியே கசிந்து கிணற்றுக்குப் போகும். 1832-ல் காலரா வந்தது. 1842-ல் சுகாதாரச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றிய பெரிய அறிக்கையை வெளியிட்டார். கழிவைத் தேங்கவிடாமல் தண்ணீரால் அடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு வழவழப்பான, நீர் கசியாத, குறுகலான குழாய் வேண்டும். அப்படியொன்றை மலிவாக, ஆயிரக்கணக்கில் யார் செய்வது?

1846-ல் ஹென்றி டோல்டன் லாம்பெத்தில் குழாய்க்கென்றே தனித் தொழிற்சாலை தொடங்கினார். வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான். செங்கல்லா குழாயா என்று பொறியாளர்கள் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் குழாய்ப் பக்கம் நின்றார். சீக்கிரமே இங்கிலாந்தின் வேறு ஊர்களான செயின்ட் ஹெலன்ஸ், டட்லி பக்கமும் டோல்டன் குடும்பத்தின் குழாய் ஆலைகள் எழுந்தன.

அந்த மெருகு ஏறும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சூளை கிட்டத்தட்ட 1,200 டிகிரி சூட்டில் தகதகக்கும்போது, சாதாரண உப்பை உள்ளே வீசுவார்கள். உப்பு ஆவியாகும். அதிலுள்ள சோடியம் களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து குழாயின் மேல் கண்ணாடியாகப் படியும். தனியாக மேலே பூசுவது இல்லை, மண்ணோடு மண்ணாகவே பிறக்கிறது அந்தக் கண்ணாடி. அதனால்தான் உரிவதில்லை. அமிலம் பட்டாலும் அரிக்காது. ஆரஞ்சுத் தோல் புள்ளி அந்த உப்பு விட்டுப்போன தடம்.

குழாய் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக் கழிவெல்லாம் வேகமாகப் போய் விழுந்தது எங்கே? தேம்ஸ் ஆற்றில். ஊர் குடித்த தண்ணீரும் அதே ஆறு. 1848-49 காலராவில் லண்டனில் மட்டும் சுமார் 14,000 பேர் இறந்தார்கள். 1854-ல் மறுபடி காலரா. அப்போது மருத்துவர் ஜான் ஸ்னோ கணக்கெடுத்தது டோல்டன் சூளைகள் இருந்த தென்லண்டனில்தான். ஊருக்குள்ளேயே ஆற்று நீரை எடுத்த கம்பெனியின் வீடுகளில் 10,000 வீட்டுக்கு 315 சாவு. 1852-லேயே ஆற்றின் மேற்பகுதிக்குப் போய் நீர் எடுத்த கம்பெனியின் வீடுகளில் 37. பக்கத்துப் பக்கத்து வீடுகள்! 1858-ல் ஆற்று நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான் பொறியாளர் ஜோசப் பேசல்கெட்டின் பெரிய சாக்கடைத் திட்டத்துக்கு வழி பிறந்தது. அது செங்கல்லில் கட்டிய பெருஞ்சாக்கடை. ஆனால் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் அதற்குக் கழிவைக் கொண்டுசேர்க்கச் சின்னக் குழாய் வேண்டுமே. உடம்பு முழுக்க ஓடும் சின்ன நரம்புகள் மாதிரி அவை. பேசல்கெட்டுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது, நியாயம்தான். அந்த நரம்புகளைச் செய்தவர்களையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

டோல்டனின் கலைப் பாண்டங்கள் அதற்கு அப்புறம் வந்தவை. லாம்பெத் கலைப் பள்ளித் தலைவர் ஜான் ஸ்பார்க்ஸ் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். டோல்டன் முதலில் தயங்கினார், பிறகு இறங்கினார். குழாய் கொடுத்த வலு பின்னால் இருந்தது. வண்டிச்சக்கரம் செய்பவரின் மகன் ஜார்ஜ் டின்வொர்த் வந்தார். 1871-ல் ஹன்னா பார்லோ வந்தார். ஈரம் காயாத ஜாடியில் கூர்முனையால் குதிரையும் மானும் ஆடும் கீறுவார். கீறலுக்குள் நிறம் இறங்கும். பிறகு அதே உப்புச் சூளைக்குள் போகும். வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டவர் அவர். அவர் தங்கை புளோரன்ஸும் வந்தார். அக்காவுக்கு விலங்கு, தங்கைக்குப் பறவை. பின்னாளில் நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கே கலைஞர்களாக வேலை பார்த்தார்கள், பாண்டத்தின் அடியில் தங்கள் முதலெழுத்தைப் பொறித்தார்கள். அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் இது சின்ன விஷயமே இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. உப்பு வீசும்போதெல்லாம் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி புகையோடு கிளம்பும். சூளைகளைச் சுற்றி நெருக்கமாகக் குடியிருந்தவர்கள் ஏழைத் தொழிலாளர்கள். ஊரைச் சுத்தமாக்கும் குழாய்க்காக அவர்கள் மூச்சில் விலை கொடுத்தார்கள். லாம்பெத் ஆலை 1956-ல் மூடப்பட்டது. காற்றுத் தூய்மைச் சட்டம் வந்த ஆண்டும் அதுவே. 1887-ல் டோல்டனுக்கு சர் பட்டம் கிடைத்ததைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹன்னா பார்லோவின் ஜாடியைத் திருப்பினால் அவர் எழுத்து இருக்கும். குழாயில் கம்பெனி முத்திரை மட்டும்தான். அதை வனைந்தவர், சூளையில் அடுக்கியவர், உப்பு வீசியவர், ஒருவர் பெயரும் இல்லை. எங்கள் கொல்லைக் குழாயையும் துணியால் துடைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு முத்திரைகூடத் தென்படவில்லை. கழுத்துப் பக்கம் மட்டும் யாரோ ஈரமாக இருக்கும்போது தூக்கியிருக்க வேண்டும், கட்டைவிரல் பதிந்த பள்ளம் ஒன்று மெருகுக்கு அடியில் அப்படியே இருந்தது.

கொத்தனாரிடம் காட்டினேன். தன் விரலை அதில் வைத்துப் பார்த்தார். "இத மாத்த வேணாம் சார், இணைப்ப மட்டும் சரி பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளினார்.