“150 அடி, பச்சை ஸ்பூன், 2.5 நாட்” – இதுக்குப் பேர் தகவலா?

மார்ச் வந்தா போதும். கனடாவோட விக்டோரியா படகுத்துறையில, சினூக் சால்மன் பிடிக்கப் போறவங்க யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான். “கான்ஸ்டன்ஸ் பேங்க், 150 அடி, பச்சை ஸ்பூன், 2.5 நாட் வேகம், ரெண்டு சினூக்.” கான்ஸ்டன்ஸ் பேங்க் கடலுக்குள்ள இருக்கிற ஒரு மேடு; ஸ்பூன்னா மீனை ஏமாத்தப் படகுக்குப் பின்னால இழுத்துக்கிட்டுப் போற உலோகத் தகடு; நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல். கேட்டவர் கடைக்கு ஓடிப் பச்சை ஸ்பூன் வாங்குவார். மறுநாள் அதே இடம், அதே ஆழம், அதே வேகம், ஒரு கடி கிடையாது. திரும்பி வந்து, “மீனே இல்லைங்க, எல்லாம் போச்சு” என்று ஒரு ஒப்பாரி.

மீன் இருந்துச்சு ஐயா. நீரோட்டம் எந்தப் பக்கம் போச்சுன்னு சொன்னவரும் சொல்லல, கேட்டவரும் கேட்கல.

முதல்ல அந்த 2.5 நாட் கதையைப் பார்ப்போம். ஜிபிஎஸ் காட்டுறது தரைமேல படகு நகருற வேகம். மீன் தரையில நடக்கல, தண்ணியில நீந்துது. ஒன்றரை நாட் ஓட்டத்தோட சேர்ந்து போகும்போது ஜிபிஎஸ் 2.5 காட்டினா, தண்ணிக்குள்ள உங்க ஸ்பூன் போற வேகம் வெறும் 1. மீனை இழுக்க ஸ்பூனுக்கு முன்னால கட்டுற பளபளப்புத் தகடு, அதான் பிளாஷர், சுழலாது, சோம்பேறி மாதிரி அசைஞ்சுக்கிட்டு வரும். அதே 2.5-ஐ ஓட்டத்துக்கு எதிரா காட்டினா, தண்ணிக்குள்ள வேகம் 4. பிளாஷர் பம்பரமாச் சுத்தும், பின்னால வர்ற ஸ்பூனைத் துரத்த எந்த மீனுக்கும் மனசு வராது. ஒரே எண், ரெண்டும் ரெண்டு உலகம். இதைத் தெரியாம ‘வேகம் 2.5’ என்று ஊருக்கே உபதேசம்!

போதாக்குறைக்கு மேல் தண்ணி ஒரு வேகத்துல ஓடும், 150 அடிக்குக் கீழே வேறொரு வேகத்துல ஓடும். அதனால திரையைப் பார்க்காம டவுன்ரிகர் (குண்டைக் கட்டித் தூண்டில் கயிற்றை ஆழத்துக்கு இறக்குற கருவி) கேபிள் சாயுற கோணத்தைப் பாருங்க. கடி விழுந்த நேரத்துல அது எவ்வளவு சாஞ்சிருந்துச்சோ, திரும்பி வரும்போதும் அதே சாய்வு இருக்கணும். அதுக்கு ஜிபிஎஸ் 1.2 காட்டினாலும் சரி, 3.8 காட்டினாலும் சரி. தூண்டில் நுனியையும் கவனிங்க: பிளாஷர் ஒழுங்கா உருளும்போது நுனி சீரா, நாடி துடிக்கிற மாதிரி துடிக்கும்.

அடுத்தது அந்த 150 அடி. அது ஆழம் இல்லை சாமி, வெளியே விட்ட கேபிளோட நீளம்! கேபிள் 45 பாகை சாஞ்சா குண்டு சுமார் 105 அடியிலதான் தொங்கும். 30 பாகைன்னா 130. 10 பவுண்டு குண்டு போட்டவருக்கு ஒரு சாய்வு, 15 பவுண்டு போட்டவருக்கு வேறொரு சாய்வு. ஆக குண்டோட எடையைச் சொல்லாத ‘150 அடி’யை வச்சுக்கிட்டு நாக்குதான் வழிக்கணும். இந்தப் பருவத்துல சினூக் பெரும்பாலும் கடல் தரையை ஒட்டி, ஹெரிங்னு சொல்ற சின்ன மீனையும் மணல்மீனையும் தின்னுக்கிட்டுத் திரியும். தரையிலேர்ந்து அஞ்சு, பத்து அடிக்குள்ள ஸ்பூன் போகணும். நாற்பது அடி மேலே இழுத்துக்கிட்டுப் போயிட்டு மீன்மேல பழியைப் போட்டா எப்படி?

இன்னொரு கூத்தும் உண்டு. எதிரோட்டத்துல சாஞ்ச கேபிளுக்கு ஈடு கட்ட இன்னும் முப்பது அடி விடுவாங்க. அப்புறம் படகைத் திருப்பி ஓட்டத்தோட வருவாங்க, ஜிபிஎஸ் வேகத்தை மாத்தாம. கேபிள் விறைப்பா நேரா நிக்கும், குண்டு சட்டுன்னு கீழே இறங்கிப் பாறையில மாட்டிக்கும். குண்டு போச்சு, தூண்டில் கயிற்றைக் கேபிளோட பிடிச்சு வைக்கிற கிளிப் போச்சு, சில நேரம் டவுன்ரிகர் கையே வளைஞ்சு போச்சு. திருப்புறதுக்கு முன்னால இருபது, முப்பது அடி சுருட்டுறதுக்கு என்ன கேடு?

இப்ப கடல் மட்டம் ஏறி இறங்குறதைச் சொல்ற ஓத அட்டவணை. அதிகம் எரிச்சல் வர்றது இங்கேதான். “உயர் ஓதம் 10:40, அப்ப தண்ணி நிக்கும், கடி விழும்” என்று கணக்குப் போடுறாங்க. அந்த அட்டவணை சொல்றது நீர்மட்டத்தோட உயரத்தை, ஓட்டத்தை இல்லை. விக்டோரியாவுக்கு எதிரே இருக்கிற ஹுவான் டி ஃபூகா நீரிணையில மட்டம் உச்சிக்கு வர்ற நேரமும் ஓட்டம் நிக்கிற நேரமும் பல இடங்கள்ல ஒத்துப்போகாது, ஒரு மணிக்கு மேலயும் விலகும். ஓட்டத்துக்கென்றே தனி அட்டவணை இருக்கு. அங்கே இருக்கிற ரேஸ் பாசேஜ் என்கிற கால்வாய்க்கு ஓட்டம் திரும்புற நேரம், உச்ச வேகம், திசை எல்லாம் கனடா நீர்வரைவியல் சேவை போட்டிருக்கு. அதைப் பாருங்க. பசிபிக் நிலை நேரமா, கோடை நேரமான்னும் பார்த்துத் தொலைங்க, இல்லேன்னா ஒரு மணி நேரம் காலி.

கடல் மட்டம் ஏறுற ஏத்தத்துல தண்ணி கிழக்கே போகும், இறங்குற வத்தத்துல மேற்கே. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற கரை முனைக்குப் பின்னால சுழல் எங்கே விழும்னு அதுதான் முடிவு பண்ணுது. ஏத்தத்துல முனையோட கிழக்குப் பக்கம், வத்தத்துல மேற்குப் பக்கம். ஹெரிங் கூட்டம் அங்கேதான் ஒதுங்கும், பின்னாடியே சினூக்கும். “அந்த முனையில நிறைய இருக்கு” என்றால் எந்த ஓட்டத்துல, எந்தப் பக்கம்? அதைச் சொல்ல வாய் வராது, ஸ்பூனோட நிறத்தை மட்டும் மயில்பச்சையா கிளிப்பச்சையான்னு விலாவாரியா விளக்குவாங்க.

காற்றும் அப்படித்தான். மேற்கிலேர்ந்து வீசுற காற்று 15 நாட் என்றால் ஏத்தத்துல சமாளிக்கலாம், காற்றும் தண்ணியும் ஒரே பக்கம் போகுது. அதே 15 நாட் வத்தத்தோட மோதினா, அலை குட்டையா செங்குத்தா எழும்பிச் சின்னப் படகை உலுக்கி எடுத்துடும். காற்று எச்சரிக்கையே 20 நாட்டுலதான் ஆரம்பிக்குது, அதனால ‘எச்சரிக்கை ஒண்ணும் இல்லையே’ என்று கிளம்பிடாதீங்க.

பெருஓத நாள்ல கடற்புல் கிளம்பும், வெயில் ஏறினா நுண்பாசி பூத்துத் தண்ணி கலங்கும், ஜெல்லிமீன் கோழை கயிறெல்லாம் ஒட்டும். கொக்கியில ஒரு இழை புல் மாட்டினாலே ஸ்பூன் செத்தது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே எடுத்துப் பார்க்கச் சொன்னா, “சும்மா சும்மா எடுத்தா மீன் எப்படி மாட்டும்” என்று எதிர்க்கேள்வி. மாட்டியே இருக்கும்! கிளிப்பை இறுக்கிப் பூட்டினா, ஒரு அடி நீளக் குட்டி கடிச்சாலும் கயிறு விடுபடாது. அரைமணி நேரம் அதை 150 அடியில இழுத்துக்கிட்டே போவாங்க. எடுத்துப் பார்த்தா செத்திருக்கும். விக்டோரியா பக்கம் 45 சென்டிமீட்டருக்குக் குறைஞ்சதை வச்சுக்கவும் முடியாது, விட்டாலும் பிழைக்காது. கிளிப்பைத் தளர்வா வச்சு, தூண்டிலை நல்லா வளைச்சு இறுக்கினா குட்டி கடிச்சாலும் நுனி காட்டிக் கொடுத்துடும்.

இருக்கிற நாளும் கொஞ்சம். சினூக்குக்கு அங்கே ‘ஸ்பிரிங்’ என்றே பேர், ஆனா வசந்தம் முழுக்கப் பிடிக்க முடியாது. ஃப்ரேசர் ஆற்று மீனைக் காப்பாத்த 2019-ல ஆரம்பிச்ச கட்டுப்பாடுகளால, ஏப்ரல் பிறந்தா தென்கரையில பல பகுதிகள்ல காட்டு சினூக்கை வச்சுக்கத் தடை. மிஞ்சுற நாலு வாரத்தையும் இந்த அரைகுறைத் தகவலை நம்பி எரிபொருளா எரிக்கணுமா?

அடுத்த தடவை வாயைத் திறந்தா இதைச் சொல்லுங்க: ஏத்தமா வத்தமா, திரும்பி எவ்வளவு நேரம் ஆச்சு, ஓட்டத்தோட போனீங்களா எதிரா போனீங்களா, குண்டு எத்தனை பவுண்டு, கேபிள் எவ்வளவு சாஞ்சிருந்துச்சு, அந்த இடத்துல கடல் தரை எத்தனை அடி ஆழம். ஸ்பூன் பச்சையோ மஞ்சளோ, அதை நீங்களே வச்சுக்குங்க.