கால் நொடி நிறுத்தம்

வரலாற்று ஒலிநூலை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டாலும் எதுவும் குறையாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சோழர் வரலாற்றுக்கு இது பொருந்தவே பொருந்தாது. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுகளில் அவன் புகழைச் சொல்லும் முன்னுரை, ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும் தனக்கே உரிமை பூண்டமை மனக்கொள’ என்று தொடங்கும். ‘செல்வியும்’ என்றதும் கால் நொடி நிறுத்தினால் பொருள் தானாக விளங்கும். ‘பெருநில’ என்று மூச்சு வாங்கினால் நிலம் ஒரு பக்கம், செல்வி ஒரு பக்கம். வேகம் கூட்டும்போது முதலில் காணாமல் போவது அந்தக் கால் நொடிதான்.

ஆண்டுகளும் அப்படித்தான். கடாரத்தின் மீது, அதாவது இன்றைய மலேசியாவின் கெடா மீது, சோழர் படையெடுத்த 1025-ஐத் தொலைபேசி எண் போல ஒவ்வோர் இலக்கமாக வாசிப்பது கொடுமை. ‘ஆயிரத்து இருபத்தைந்து’ என்றால்தான் மனத்தில் நிற்கும். நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கெடாவின் கதையாயிற்றே, அதையாவது பிழையில்லாமல் சொல்ல வேண்டாமா?

இன்னொன்று. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. வாசிப்பவர் அங்கே குரலை இறக்கினால், எம்ஆர்டி ரயிலின் சுரங்க இரைச்சலில் ‘வென்றான்’, ‘வெல்லவில்லை’ இரண்டும் ஒன்றாகக் கேட்கும். ஒலியைக் கூட்டினால் காதுதான் வலிக்கும்; இரைச்சல் குறைக்கும் இயர்ஃபோன் உதவும். ஒலிநூலை வாங்கும் முன் மாதிரிப் பகுதியைக் கேட்கும்போது முன்னுரையை விட்டுவிட்டு, வாக்கியங்களின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்.