ஏரி எதிரே இருக்கிறது, எங்கே விலகுவது?

சமூகப் பணியில் இருப்போர் மனநலம் காக்கச் செய்திகளிலிருந்து சற்று விலகியிருக்க வேண்டும் என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர். சரிதான், ஆனால் கழிவுகளால் மாசுபட்ட பெங்களூரு பெல்லந்தூர் ஏரி என் ஜன்னலுக்கு எதிரேயே இருக்கிறதே! 2018 ஜனவரியில் அங்கே தீப்பிடித்த பிறகு, பல வாரங்கள் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து புகை வாசம் வருகிறதா என்று மோந்து பார்ப்பேன். (மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

கடைசியில் ஏரிக்காக உழைக்கும் எங்கள் குழுவில் ஆறு பேர் வாரம் மாற்றி வாரம் வேலையைப் பார்க்க முறை வைத்துக்கொண்டோம். என் முறை இல்லாத வாரத்தில் மனு, கூட்டம், வாட்ஸ்அப் படம் எதுவும் என்னிடம் வராது. முதல் வாரம் ஏதோ ஓடி ஒளிந்தவன்போலக் கூசியது. தூக்கம் திரும்பியதும் அந்தக் கூச்சமும் போய்விட்டது.

அப்படியும் முடியாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-இல் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். கட்டுரையில் இந்த எண்ணையாவது சேர்த்திருக்கலாம்.