குழந்தைகளைத் தொடவில்லையாம்

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், அமெரிக்க ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டுக்குப் போகும் மத்திய அரசு நிதியைப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 90,000 கோடி டாலர் குறைக்கிறது. மாதம் 80 மணி நேர வேலைக்குச் சான்று கேட்பதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியைச் சரிபார்ப்பதும் பெரியவர்களுக்கு மட்டுமே, குழந்தைகளைத் தொடவேயில்லை என்கிறார்கள் ஆதரவாளர்கள். அந்த விதிகளின் எழுத்தைப் பார்த்தால் உண்மைதான். ஆனால், காப்பீடு பறிபோவது பெரும்பாலும் சட்டத்தின் எழுத்தால் அல்ல, அஞ்சலில் வரும் படிவத்தால்.

கொரோனாக் காலத்தில் யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக்கூடாது என்றிருந்த பாதுகாப்பு 2023 மார்ச் 31-இல் முடிந்தது. அடுத்து நடந்த சரிபார்ப்பில் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர், தகுதியில்லை என்று தெரிந்து நீக்கப்பட்டவர்கள் அல்லர். படிவம் திரும்பி வரவில்லை, முகவரி மாறிவிட்டது என்பன போன்ற நடைமுறைக் காரணங்களால் நீக்கப்பட்டவர்கள். பெற்றோரைவிடக் குழந்தைகளுக்கு வருமான வரம்பு அதிகம் என்பதால், தாய் தகுதியிழந்தாலும் பிள்ளைக்குத் தகுதி தொடரலாம். ஆனால் சுமார் 30 மாநிலங்களின் கணினிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்காமல் வீட்டையே ஒரு கணக்காகப் பார்த்தன. வீட்டில் ஒருவருடைய விவரம் தானாகச் சரிபார்க்கப்படாவிட்டால் எல்லோருக்கும் படிவம் போனது. அது திரும்பி வராவிட்டால் தகுதியுள்ள குழந்தையின் பெயரும் அடிபட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிழை வெளிப்பட்ட பிறகு, குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 5 லட்சம் பேருக்குக் காப்பீட்டைத் திருப்பித் தர நேர்ந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை அவர்கள் எப்படி வாங்கினார்கள் என்று எந்தக் கணினியும் கேட்டிருக்காது.

குழந்தைகளை நீக்க வேண்டும் என்று அன்று யாரும் எண்ணவில்லை. அதே இயந்திரத்தைத்தான் இனி பல பெற்றோருக்கு ஆண்டில் இருமுறை ஓட்டப்போகிறார்கள். வேலைச் சான்றிலிருந்து 13 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு விலக்கு உண்டு. பிள்ளைக்கு 14 ஆகிவிட்டால் அந்த விலக்கு இல்லை. காப்பீடு இழந்த பெற்றோர் பிள்ளைக்கு மட்டும் தனியே புதுப்பிப்பார்கள் என்று நம்புவது, இரண்டு வேலை பார்க்கும் வீடுகளை அறியாதவர்களின் நம்பிக்கை.

இந்தச் சிக்கலுக்கு ஓரிகன் மாநிலம் எளிய வழியொன்றைக் கண்டிருந்தது. ஒரு குழந்தையைச் சேர்த்துவிட்டால் ஆறு வயது ஆகும்வரை மறுபடி தகுதி கேட்பதில்லை. இப்படிப் பல்லாண்டுக் காப்பீடு தர மாநிலங்களுக்கு வழங்கும் அனுமதிகளை இனித் தருவதில்லை, இருப்பவற்றையும் நீட்டிப்பதில்லை என்று மத்திய நிர்வாகம் அறிவித்தது, சட்டம் கையெழுத்தான அதே 2025 ஜூலையில்தான். இது முழுக்க முழுக்கக் குழந்தைகளைப் பற்றிய முடிவு.