லாரியும் சின்ன காரும், 130 போனும்

போன செமஸ்டர்ல ரெண்டு செக்‌ஷன ஒண்ணா சேத்து என் தலைல கட்டுனாங்க, ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ், 130 பேரு, கடைசி பெஞ்சுல இருக்கிறவன் மூஞ்சி கூட சரியா தெரியாது. "டவுட் இருக்கா"ன்னு கேட்டா கப்சிப், முன்னாடி யாராச்சும் ஒருத்தர் "நோ சார்"ம்பாங்க, நாமளும் அதையே சாக்கா வெச்சு அடுத்த ஸ்லைடுக்கு ஓடிருவோம்.

சரின்னு மென்டிமீட்டர்னு ஒரு ஓட்டெடுப்பு ஆப் போட்டேன். க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி போன்ல பதில் தட்டணும், பேர் தெரியாது. கேள்வி இதான்: லாரியும் சின்ன காரும் நேருக்கு நேர் மோதுது, எது மேல விசை அதிகம்? நியூட்டன் மூணாம் விதிய அப்பதான் நடத்தி முடிச்சிருந்தேன், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாங்க. பாதிக்கு மேல "கார் மேல"ன்னு போட்டிருந்தாங்க!! (ரெண்டு மேலயும் ஒரே விசைதான், காருக்கு நிறை கம்மி, அதனால அதோட வேகம் ரொம்ப மாறுது, அவ்ளோதான்.)

ஹார்வர்டுல பிசிக்ஸ் நடத்துற புரொபசர் எரிக் மசூருக்கே இந்த அடி விழுந்திருக்கு. கஷ்டமான கணக்கெல்லாம் போடுற பசங்க இந்த மாதிரி கேள்வில சறுக்குனாங்க. 1991ல இருந்து அவரு வகுப்பையே மாத்திட்டாரு. கேள்வி போட்டு தனியா பதில் வாங்கணும், பக்கத்துல இருக்கிறவங்களோட வாதாட விட்டு மறுபடி வாங்கணும். மொத ரவுண்டுல 30லேர்ந்து 70 சதவீதம் சரியா இருந்தாதான் வாதம், அதுக்கும் கீழன்னா நாமதான் திரும்ப நடத்தணும்.

நான் பண்ண கூத்து என்னன்னா எந்த பதிலுக்கு எத்தன பேருன்னு காட்டுற பார் சார்ட்ட உடனே காட்டிட்டேன், எந்த பார் உசரமோ அந்தப் பக்கம் ஹாலே சாஞ்சிருச்சு, வாதமே நடக்கல. அடுத்த வாரம் வேற கேள்வி, சார்ட்ட மறச்சிட்டேன், "தமிழ்லயே பேசுங்கப்பா"ன்னும் சொன்னேன். அய்யோ அந்த சத்தம்! வருஷம் பூரா வாயே தொறக்காத புள்ள ஒண்ணு திரும்பி உக்காந்து பின்னாடி பெஞ்சு பசங்கள விளாசிக்கிட்டு இருந்துச்சு.

கஹூட்ங்கிற க்விஸ் ஆப் மட்டும் எனக்கு ஆகல, சீக்கிரம் அமுக்கினா பாயின்ட் ஜாஸ்தி, யோசிக்கிறவன் தோத்துருவான்.

இதுல வேடிக்கை, கனடால ஒரு காலேஜ்ல கிளிக்கருக்கும் (பதில் அமுக்குற சின்ன ரிமோட்) பதில காட்ட தூக்கிப் பிடிக்கிற வெறும் அட்டைக்கும் ஒப்பிட்டுப் பாத்து 2008ல எழுதுனாங்க, கத்துக்கிட்டதுல பெரிய வித்தியாசம் இல்லையாம். நம்ம காலேஜுங்க ஸ்மார்ட் போர்டுக்குக் கொட்டுற காசு ஞாபகம் வந்துச்சு. ஆனாலும் நான் போனதான் கேப்பேன், அட்டைய தூக்குறதுக்கு முன்னாடி நம்ம பசங்க டாப்பர் கைய பாப்பாங்க.

ஸ்டாஃப் ரூம்ல "சிலபஸ யாரு முடிப்பா"ன்னு கேக்குறாங்க. நியாயம்தான், எனக்கும் ரெண்டு டெரிவேஷன் நோட்ஸாதான் போச்சு. ஆனா 2014ல 225 ஆய்வுகள சேத்துப் பாத்ததுல இப்படி வகுப்புல பங்கெடுத்துப் படிச்சவங்கள விட வெறும் லெக்சர் கேட்ட பசங்க ஃபெயிலாக ஒன்றரை மடங்கு வாய்ப்புன்னு வந்திருக்கே, முடிச்சு என்னத்துக்கு?

இப்ப பிரச்சனை ஆப்பே இல்ல, கேள்விதான். பாதிப்பேர் தப்பா சொல்ற மாதிரி தெர்மோடைனமிக்ஸ்ல ஒரு நல்ல கேள்வி யாராச்சும் வெச்சிருந்தா கீழ போடுங்க, வியாழக்கிழமை கிளாஸ் இருக்கு.