அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதானே?

இரண்டு நாளாக எங்கே பார்த்தாலும் அந்த வீடியோதான். கஸ்டமர் வந்தபோது ஜவுளிக்கடைப் பெண் ஸ்டூலில் இருந்து எழுந்திருக்க அரை நிமிடம் ஆகிவிட்டதாம். "திமிரைப் பாருங்கள்" என்று என் நண்பர்களே பகிர்ந்திருக்கிறீர்கள். அதுதான் வலிக்கிறது.

உட்காருவது அவள் உரிமை. 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்று ஒரு பிரிவே சேர்த்தார்கள். ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும், இடைவெளி கிடைத்தால் அவர்கள் உட்காரலாம். உட்காரச் சட்டம் போட வேண்டிய ஊரில் இருக்கிறோம்.

"எங்களுக்கு இல்லாத ஸ்ட்ரெஸ்ஸா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நானும் ஐடியில்தான் இருக்கிறேன். ரிலீஸ் இரவுகளும் லேஆஃப் பயமும் எனக்கும் தெரியும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாத்ரூம் போக நான் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. வாரம் 70 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023-இல் சொன்னபோது எவ்வளவு கொதித்தோம்! என் அக்கா தி.நகரில் ஒரு கடையில் காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் ஆறு நாள் நின்றாள். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவளுக்காக யார் கொதித்தார்கள்?

பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரே குடிக்கமாட்டாள். ஒருமுறை புடவைக் கட்டின் மேல் சாய்ந்ததைக் கேமராவில் பார்த்துவிட்டு அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். ஹாஸ்டலில் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். 24 வயதில் கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாகச் சுருண்டிருந்தது.

"கஸ்டமருக்கு மரியாதை வேண்டாமா?" வேண்டும், சரி. நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்கிறோம், ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறோம். அத்தனையையும் மடித்து அடுக்குவது அவள். ஏன் விற்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்குவதும் அவள்தான். அது ஸ்ட்ரெஸ் இல்லையா?

"பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகட்டும்" என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அப்பா போனபோது அக்காவுக்கு வயது 18. நான் படித்தது அவள் சம்பளத்தில்.

அவள் கடையை விட்டுப் பத்து வருடமாகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பக்கத்திலேயே நாற்காலி காலியாகக் கிடந்தது. அக்கா தூணில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். "உட்காரு அக்கா" என்றேன். "இருக்கட்டும்டி, யாராவது வருவாங்க" என்றாள்.