"சும்மா உட்கார்ந்திருந்த பறவை"யாம்

எழுத வேண்டாம் என்றுதான் நேற்று முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். படத்துக்காக ஒரு பறவையைக் கைதட்டிக் கிளப்பும் அந்த வீடியோவை இன்பாக்ஸில் அனுப்பி "பாத்தீங்களா?" என்று கேட்டவர்களுக்குக்கூடப் பதில் போடவில்லை. இன்று காலை, தட்டியவரான எங்கள் பறவைப் படக் குழுவின் அண்ணன் எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்த பிறகு முடியவில்லை. "சும்மா உட்கார்ந்திருந்த பறவை. ரெண்டு தட்டு தட்டினேன், பறந்துச்சு. இதுக்கா இவ்வளவு ஒப்பாரி?"

பறக்கவில்லை அண்ணே. விழுந்தது. உங்கள் வீடியோவிலேயே இருக்கிறது, திரும்பப் போட்டுப் பாருங்கள். பட்டுப்போன கிளையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பாம்புத்தாரா, தண்ணீருக்குள் மூழ்கி மீன் பிடிக்கும் பறவை. இறக்கையை விரித்து வைத்துக்கொண்டு நெஞ்சு இறகுகளை ஒவ்வொன்றாக அலகால் இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து கைத்தட்டல். பதறிப்போய் மறுபடியும் தண்ணீருக்குள் தொப்பென்று விழுகிறது. விழுவதற்கு முன் அது காற்றில் இருந்த அந்த ஒரு நொடிக்காக அத்தனை கேமராவும் சடசடக்கிறது. அப்புறம் ஒரு சிரிப்பு. கைத்தட்டலைவிட எனக்கு அந்தச் சிரிப்புதான் இன்னும் ஆறவில்லை.

அது சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தது.

பாம்புத்தாராவின் இறகு வாத்தின் இறகு மாதிரி தண்ணீரை உதறித் தள்ளுவதில்லை, உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கனத்தில்தான் மிதக்காமல் மூழ்கி மீனைக் குத்த முடிகிறது. அதற்கான விலையை வெளியே வந்த பிறகு கொடுக்க வேண்டும்: உடம்பு சில்லிட்டிருக்கும், இறக்கை கனக்கும், வெயிலில் காய வேண்டும், இறகை வரிசைப்படுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் நம்மவர்கள் தட்டுகிறார்கள். ஏனென்றால் அப்போதுதான் அது நம்மைப் பக்கத்தில் வரவிட்டு உட்கார்ந்திருக்கும். உடனே எழுந்து ஓட முடியாத பறவையைத்தான் நீங்கள் "ஒத்துழைக்கிற பறவை" என்கிறீர்கள்.

இறகு கோதுவது என்றால் என்னவென்று தெரியாமலேயே லட்சக்கணக்கில் லென்ஸ் வாங்குகிறோம் என்பதுதான் கொடுமை. இறகின் நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் இழைகள், ஒவ்வொரு இழையிலிருந்தும் நுண்ணிழைகள், அந்த நுண்ணிழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். கொக்கி விட்டுப்போனால் இறகு பிளந்து நிற்கும், காற்றும் தண்ணீரும் உள்ளே போகும். அலகால் அடியிலிருந்து நுனிவரை உருவும்போது ஜிப் மாதிரி மறுபடி மாட்டிக்கொள்ளும். வாலடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, அதில் அலகைத் தேய்த்து உடம்பெங்கும் பூச வேண்டும். பேனைப் பொறுக்க வேண்டும். புறாவின் மேலலகு நுனி கீழலகைத் தாண்டி லேசாகத் தொங்குகிறதே, அதை மட்டும் மழுக்கிவிட்டுப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். பேன் பெருகிவிட்டது. அவ்வளவு நுணுக்கமான வேலை. தூந்திர அன்னம் ஒன்றின் இறகுகளை எண்ணியபோது 25,000க்கும் மேல் வந்தது. உட்கார்ந்து கோதிப் பாருங்கள், சும்மாவா இல்லையா என்று தெரியும். பல இனங்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கில் பறவைகள் சராசரியாக நாளில் ஏறக்குறைய 9 சதவீதத்தை உடம்பைப் பேணுவதற்கே செலவழிக்கின்றன, அதில் பெரும்பங்கு கோதுவதுதான்.

சரி, "பருந்து வந்தா பறக்காதா? அப்ப என்ன பண்ணுவீங்க?" என்று அண்ணன் பதிவின் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நிறைய பேர் கைதட்டியிருக்கிறார்கள், அதற்கும். பருந்துக்குப் பசி ஐயா. உங்களுக்கு என்ன?

"காடு அழியுது, நீர்நிலை அழியுது, அதையெல்லாம் விட்டுட்டு ஒரு கைத்தட்டலுக்கா?" அதையும் கேட்கிறேன், இதையும் கேட்கிறேன். அடுத்தது.

இன்னொருவர் கொஞ்சம் படித்தவர் போல, விலங்கு நடத்தை ஆய்வாளர் டின்பெர்கனையே இழுத்து வந்துவிட்டார். 1973இல் நோபல் வாங்கியவர், பறவைகள் பதற்றத்திலும் இறகு கோதும் என்று எழுதியிருக்கிறாராம், ஆகவே நான் எடுத்த படங்களில் இருக்கும் பறவைகளும் என்னைப் பார்த்துப் பதறியவைதானாம். இதற்கு நான் கோபப்படக் கூடாது, ஏனென்றால் பாதி உண்மை. ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் திணறும்போது பறவை சம்பந்தமே இல்லாமல் இறகைக் கோதும்தான். ஆனால் அதைப் பார்த்தாலே தெரியும். அவசர அவசரமாக ஒரே இடத்தில் இரண்டு கொத்து, தலையை நிமிர்த்தி நம்மை ஒரு பார்வை, மறுபடி இரண்டு கொத்து. நிம்மதியாகக் கோதும் பறவை முதுகு, அக்குள், வால் என்று ஒன்றுவிடாமல் போகும், ஒரு காலைத் தூக்கிக்கொள்ளும், கண்ணைச் சொருகும். முதல் வகை தெரிந்தால் நான் பின்வாங்கிவிடுவேன். நம்பினால் நம்புங்கள். எப்படியிருந்தாலும், அது ஏற்கெனவே பதறியிருக்கிறது என்றால் அதற்கு மேல் ஏன் கைதட்ட வேண்டும்? அதை டின்பெர்கன் சொன்னாரா?

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வேறு விஷயம் என்பது எனக்குத் தெரியும். "இறகு கோதுற படம் போர். கண்ணு தெரியல, முகம் தெரியல, ஆக்‌ஷன் இல்ல." எத்தனை முறை கேட்டிருப்பேன் இதை! எடுக்கத் தெரியாததை எல்லாம் போர் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. தலையை முதுகுக்குள் புதைத்துக்கொள்ளும் பறவையிடம் கண்ணைத் தேடும் ஆட்டோ ஃபோகஸ் பைத்தியம் பிடித்து அலையும். அதை அணைத்துவிட்டு ஒற்றை ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் தோளில் வைக்க வேண்டும். அலகு நுனியும் கண்ணும் அது பிடித்திருக்கும் இறகும் ஒரே தளத்தில் வரும்வரை காத்திருக்க வேண்டும். தெளிவாகக் கிடைக்கும் கண்ணிலும் பாதி நேரம் வெள்ளைச் சவ்வு மூடியிருக்கும். கொக்கு என்றால் வெள்ளை வெந்துபோகாமல் ஒளியைக் குறைக்க வேண்டும். பறக்கும் படத்துக்குத்தான் திறமை வேண்டும் என்று யார் சொன்னது?

ஒரு குளிர்காலக் காலை. சேற்றில் குப்புறப் படுத்திருக்கிறேன், எதிர்வெயிலில் ஒரு சாம்பல் நாரை. நாரைகளுக்கு நெஞ்சிலும் இடுப்பிலும் சில இறகுகள் தானாகவே பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும். மீனின் வழுவழுப்பு ஒட்டிய இறகில் அந்தப் பொடியைப் பூசி, நடுவிரல் நகத்தில் இருக்கும் சீப்புப் பல்லால் வழித்து எடுத்துவிடும். ஆமாம், நகத்திலேயே சீப்பு. அன்றைக்கு அது காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தபோது பொடி பறந்து வெளிச்சத்தில் நின்றது. கை நடுங்கியதில் முதல் வரிசைப் படங்கள் எல்லாம் ஆட்டம். இதுவா போர்? இருவாட்சி தன் எண்ணெயாலேயே அலகுக்கும் கழுத்து இறகுக்கும் மஞ்சள் பூசிக்கொள்கிறது. பெரிய பூநாரையின் எண்ணெயில் நிறமி இருக்கிறது, இணை தேடும் காலத்தில் அதை இன்னும் அதிகமாகப் பூசிச் சிவக்கிறது. ஒப்பனை அறையில் உட்கார்ந்து படம் எடுக்கச் சம்மதம் கிடைத்த மாதிரியான இடம் அது, நாம் போய்க் கதவை உதைக்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பறக்கும் படமும் தட்டாமலேயே கிடைக்கும். கோதி முடித்ததும் உடம்பைச் சிலிர்த்து ஒரு உதறு உதறும். 1/1600 நொடி ஷட்டர் வேகத்தில் எடுங்கள், ஒவ்வொரு இறகும் தனித்தனியாக நிற்கும். அப்புறம் ஒரு பக்க இறக்கையையும் அதே பக்கக் காலையும் பின்னால் நீட்டிச் சோம்பல் முறிக்கும். எச்சம் போடும். முன்னால் சாயும். ஷட்டரில் விரலை வைத்துத் தயாராக இருங்கள், அவ்வளவுதான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான்!

அதுதான் வலிக்கிறது. யாரோ புதுசாகக் கேமரா வாங்கிய பையன் தட்டியிருந்தால் தோளில் கை போட்டுச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். எச்சம் போட்டால் கிளம்பப் போகிறது என்று அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்த மனிதருக்குக் காத்திருக்கத் தெரியாதா? கூட வந்தவர்களுக்கு நேரமில்லை, அவர்கள் காசு கட்டி வந்தவர்கள், அவர்களுக்குப் படம் வேண்டும். அதைச் சொல்லிவிட்டால்கூடப் புரிந்துகொள்வேன். அதை விட்டுவிட்டு "தங்கச்சிக்குக் கோவம் வந்துருச்சு" என்று ஒரு சிரிப்புப் பொம்மை. காலையில் அவர் பதிவின் கீழே நான் கேட்டதில் ஒரு வரிக்குக்கூடப் பதில் இல்லை. பாம்புத்தாராவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே நாற்பது பேர், "அவங்க எப்பவுமே அப்படித்தான் சார்", "லைக் வரலன்னு பொறாமை சார்". இத்தனை வருடம் இவர்களோடுதான் விடியற்காலையில் எழுந்து போய்க்கொண்டிருந்தேன். எத்தனை பேருக்கு என் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று இப்போது நினைவுக்கு வருகிறது. சின்னப் புத்திதான், வரத்தான் செய்கிறது.

"நீங்களும்தானே போட்டோ எடுக்கறீங்க, நீங்க மட்டும் யோக்கியமா?" என்று இதன் கீழேயும் ஒருவர் வருவார். எடுக்கிறேன். எடுப்பேன். எழுப்பாமல் எடுப்பேன். அது சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதைத்தான் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதை விட்டுவிட்டு என் யோக்கியதையைச் சோதிப்பதென்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

மதியம் குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்கள். "சூழல் கெடக்கூடாது" என்று காரணம் போட்டிருக்கிறார்களாம். நல்லது. அட்மின்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். குழுவின் முகப்பில் ரொம்ப நாளாக வைத்திருக்கிறீர்களே ஒரு சாம்பல் நாரை, பொடி பறக்க, காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்துகொண்டு, அது என் படம். ஆக்‌ஷன் இல்லாத, போரான படம். இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் போட உங்களிடம்தான் பறக்கும் பாம்புத்தாரா இருக்கிறதே.